கையெழுத்துக்கு விட்ட இடம்

முத்துமீனாவின் ஆல்பத்தை ஒரே ஒரு முறை வேகமாகப் புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு விமானப்படை உறை. இடப்பக்கம் விமானத்தின் படம், வலப்பக்கம் மேலே அஞ்சல் தலை, அதன் மேல் முதல் நாள் முத்திரை, மிச்சமுள்ள இடத்திலெல்லாம் விமானிகளும் தரைப்பணியாளர்களும் போட்ட கையெழுத்துகள். கீழே வலது மூலையில் மட்டும் ஒரு கட்டைவிரல் நீளத்துக்கு வெறும் காகிதம். பக்கங்கள் ஓடின. விமானங்கள் மாறின, கையெழுத்துகள் மாறின, அந்த வெற்றிடம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. பந்தியில் எல்லா இலைக்கும் ஆள் உட்கார்ந்து ஒரு இலை மட்டும் காலியாகக் கிடந்தால் கண் அதன் மேலேயே போகுமே, அப்படி. ஆல்பத்தை மூடிக் கொடுத்துவிட்டேன்.

நான் யேசுதாஸ். மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் இயற்பியல் எடுத்து ஓய்வு பெற்றவன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடும் ஆள். அஞ்சல் தலைப் பைத்தியங்கள் கொஞ்சம் பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு வகுப்பறையில் கூடுவோம். ஆளுக்கொரு கிறுக்கு. ஒருவர் பறவை மட்டும், ஒருவர் காந்தி மட்டும், நான் ரயில் மட்டும். முத்துமீனா சேர்ப்பது விமானப்படை ஸ்குவாட்ரன்களின் முதல் நாள் உறைகள். ஒரு ஸ்குவாட்ரனுக்கு வைர விழா என்றால் அஞ்சல் தலை வெளியிடுவார்கள். வெளியிட்ட அன்றே அந்தத் தலையை ஒட்டி, அன்றைய முத்திரை குத்திய உறைதான் முதல் நாள் உறை. அதை அவள் படைத்தளத்துக்கு அனுப்பி, அங்கிருப்பவர்களிடம் கையெழுத்து வாங்கித் திரும்ப வரவழைப்பாள். கூடவே ஒரு வேண்டுகோள் வைப்பாள்: வலது மூலையில் பென்சில் புள்ளி இருக்கும் இடத்தில் தயவுசெய்து யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். பெரிய பெரிய அதிகாரிகள்கூட அந்தப் புள்ளிக்கு மரியாதை கொடுத்தார்கள்.

அந்த இடம் அவள் புருஷன் கருத்தக்கண்ணனுக்கு.

வாடிப்பட்டிப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை அவர். விமானப்படையில் சார்ஜன்ட். சரக்கு விமானத்தில் கூடவே பறக்கும் வேலை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஐப்பசி மாதம், வடகிழக்கு மலைகளுக்கு மேலே அவர் போன விமானம் காணாமல் போனது. தேடினார்கள். ஒரு தகடு கிடைக்கவில்லை, ஒரு பூட்ஸ் கிடைக்கவில்லை. அந்த ஸ்குவாட்ரனின் எண்ணை நான் எழுதப் போவதில்லை. அது அவர்கள் வீட்டு விஷயம்.

'இறந்ததாகக் கருதப்படுகிறார்' என்று அரசாங்கத்திலிருந்து தாள் வந்தது. ஊரிலிருந்து பெரியவர்கள் வந்து, உடம்பு கிடைக்காவிட்டால் தர்ப்பையில் ஒரு உருவம் செய்து எரித்துக் காரியத்தை முடித்துவிடலாம் என்றார்கள். முத்துமீனா ஒத்துக்கொள்ளவில்லை.

"கருதப்படுறார்னுதான போட்டிருக்கான். கருதுறவன் கருதிக்கிரட்டும்" என்று சொல்லிவிட்டு, பொட்டு வைத்துக்கொண்டு கடை திறக்கப் போய்விட்டாள்.

மாவட்ட நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். வக்கீல்களையே வரிசையில் நிற்க வைக்கும் வாய். "அண்ணே, ரயில் சேக்குறீங்களே, என்னைக்காவது ஒண்ணு நேரத்துக்கு வந்துச்சா?" என்று என்னைச் சீண்டாமல் ஒரு நாளும் விட்டதில்லை. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் தெளிந்த பெண். அந்த ஒரு உறை விஷயத்தில் மட்டும்தான் அவள் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு முதுகு சில்லிடும்.

விஷயம் இதுதான். விமானம் காணாமல் போவதற்குக் கொஞ்ச நாள் முன்பு கருத்தக்கண்ணன் போனில் சொல்லியிருக்கிறார். ஸ்குவாட்ரன் வைர விழாவுக்கு உறை வந்திருக்கிறது, கூடப் பறக்கிறவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, நானும் போட்டுவிட்டேன், தபாலில் அனுப்பியிருக்கிறேன், பத்திரமாக வை என்று. விமானம் போன சேதி முதலில் வந்தது. தபால் அதற்குப் பிறகு வந்தது. அடைமழை நேரம். மேலுறை நனைந்து உள்ளே இருந்ததோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தால் கிழிந்துவிடும் என்று, துண்டுக்கு நடுவில் வைத்து அப்படியே இஸ்திரி போட்டு உலர்த்தியிருக்கிறாள். உறையின் ஓரத்தில் பழுப்பாய் ஒரு சூட்டுத் தடம் இன்னும் உண்டு. அதைப் பார்த்த அன்று நான் கொதித்துப் போய்த் திட்டினேன். அப்போது எனக்குக் கதை தெரியாது.

உலர்த்திப் பிரித்தபோது உள்ளே ஏழு கையெழுத்துகள் இருந்தன. கருத்தக்கண்ணனுடையது இல்லை. வலது மூலையில் அவருக்கென்று விட்டது போல இடம் மட்டும் இருந்தது. அந்த ஏழில் நான்கு பேர் அவரோடு அதே விமானத்தில் போனவர்கள்.

"பாருங்கண்ணே" என்று அந்த நான்கையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். "போட்டவுங்க போயிட்டாங்க. அவரு போடலை. போட்டுட்டேன்னு எங்கிட்டச் சொன்னவரு. எங்கிட்ட ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அப்ப, போட வருவாரு."

அவள் வீட்டில் அந்த உறை ஒரு சின்ன மேஜை மேல் இருக்கும். பக்கத்தில் மூடி திறந்த பேனா ஒன்று, முன்னால் ஒரு காலி நாற்காலி. மை காய்ந்துபோனால் வேறு பேனா மாற்றுவாள். பிறகு வந்த ஸ்குவாட்ரன் உறைகள் ஒவ்வொன்றிலும் அதே மூலையை விட்டுவைத்தாள். நல்ல வெயில் நேரத்தில் போய் அந்த மேஜையைப் பார்த்தாலும், யாரோ எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறார்கள், இப்போது வந்துவிடுவார்கள் என்றுதான் தோன்றும். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை.

அப்பா போனபோது பள்ளிக்கூடத்தில் இருந்த மகள் நாகஜோதி இப்போது வங்கியில் வேலை பார்க்கிறாள். போன கார்த்திகையில் அவளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்தார்கள். வைகாசியில் கல்யாணம். பத்திரிகை அடிக்கும் பேச்சு வந்ததும்தான் சிக்கல் தலைகாட்டியது. பெண்ணின் அப்பா பெயருக்கு முன்னால் 'திரு' என்று போடுவதா, 'தெய்வத்திரு' என்று போடுவதா? மாப்பிள்ளை வீட்டார் கெட்டவர்கள் இல்லை. ஏதோ ஒன்றைப் போடுங்கள், ஆனால் ஊர் சிரிக்கிற மாதிரி போட வேண்டாம் என்றார்கள். முத்துமீனா பிடிகொடுக்காமல் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் சூரியபிரகாஷ் போன் செய்தான். கொட்டாம்பட்டிக்காரன். கருத்தக்கண்ணனோடு பறந்தவன். அந்த வைர விழா நேரத்தில் விடுப்பில் இருந்ததால் உறையிலும் இல்லை, விமானத்திலும் இல்லை. இப்போது லடாக்கில், வருடத்தில் பாதி பனி மூடிக் கிடக்கும் ஒரு தளத்தில் இருக்கிறான். "அக்கா, ஜோதி கல்யாணத்துக்கு முன்னாடி அந்தக் கவர்ல நானும் ஒரு கையெழுத்துப் போட்டுர்றேன். அண்ணனைத் தெரிஞ்ச பழைய ஆளுக மூணு பேரு இங்க இருக்காங்க. அவுங்களும் போடட்டும்" என்றான். அதுவரை வீட்டு வாசலைத் தாண்டாத உறையை அவள் மார்கழியில் அனுப்பி வைத்தாள்.

மாசிக் கடைசியில் திரும்பி வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு அவள் தாமதமாக வந்தாள். உச்சி நேரம். வெளியே மைதானத்தில் ஒரு குருவிகூட இல்லை. நேராக என் முன்னால் வந்து உறையை வைத்தாள். புதிதாக நான்கு கையெழுத்துகள் இருந்தன. அவற்றுக்குக் கீழே, வலது மூலையில், பென்சில் புள்ளியின் மேலேயே, தமிழில் இன்னொன்று: மு. கருத்தக்கண்ணன்.

அவருடைய கையெழுத்தை நான் பழைய கடிதங்களில் பார்த்திருக்கிறேன். கடைசி எழுத்தின் வாலை இழுத்து முழுப் பெயருக்கும் அடிக்கோடாகப் போடுவார். அதேதான். கன்னங்கரேலென்று, இப்போதுதான் பேனாவை எடுத்தது போல இருந்தது.

"வந்துட்டாருண்ணே" என்றாள் முத்துமீனா.

பறவை அஞ்சல் தலை சேர்ப்பவர் தன் ஆல்பத்தை மெதுவாக எடுத்துக்கொண்டு பின்வரிசைக்குப் போய்விட்டார். நான் லென்ஸை எடுத்தேன். பார்க்காமலே மறுபடி மேஜை மேல் வைத்துவிட்டேன். பயந்தேன். அதை எழுத எனக்குக் கூச்சமில்லை.

மறுநாள் அவள் அச்சகத்துக்குப் போய்ப் பத்திரிகை வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்லி அனுப்பினாள். ஜோதியின் அப்பா உயிரோடு இருக்கிறார், அவர் வந்து தாரை வார்த்துக் கொடுத்த பிறகுதான் கல்யாணம், அதுவரை பொறுக்க வேண்டும் என்று. பங்குனி முடிவதற்குள் ஒரு முடிவு சொல்லுங்கள், இல்லையென்றால் நாங்கள் வேறு இடம் பார்க்கிறோம் என்று அவர்கள் பதில் சொன்னார்கள்.

நாகஜோதி எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். என் மனைவி ஆனிமேரி கொடுத்த காபியைக் குடிக்கவே இல்லை.

"மாமா, அம்மா அப்பாவுக்கு வேட்டி சட்டை எடுத்து வச்சிருக்காங்க. கேட் சத்தம் கேட்டாலே ஓடுறாங்க. எனக்கு அப்பா வேணும்தான். ஆனா வாராத அப்பாவுக்காக எம்புட்டு நாள் நிக்கிறது? எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு மாமா, மாப்பிள்ளையை. நீங்கதான் அம்மாகிட்டப் பேசணும்."

"என்னன்னு பேசச் சொல்ற? கையெழுத்து கண்ணு முன்னால இருக்கே."

"அதான் மாமா எனக்கும் பயமா இருக்கு" என்று அழுதாள்.

சூரியபிரகாஷைப் போனில் பிடித்தேன். அவன் குரலும் சரியில்லை.

"சார், நாங்க நாலு பேரு ஒரே மேஜையில வச்சுத்தான் போட்டோம். அந்த மூலையில யாரும் பேனா வைக்கலை. அப்புறம் பனி கொட்டி பிளைட்டு எல்லாம் நின்னுபோச்சு. தபால் போகலை. கவரைத் தகரப் பெட்டியில போட்டுப் பூட்டி ஸ்டோர் ஷெட்ல வச்சிட்டேன். சாவி எங்கிட்டத்தான். பத்து நாள் கழிச்சுத் திறக்குறேன், இருக்கு சார், அண்ணன் கையெழுத்து. அதுல இருந்து அந்த ஷெட்டுக்குள்ள நான் தனியாப் போறதில்லை."

"யாராவது விளையாடியிருப்பாங்களா?"

"தமிழ்ல எழுதத் தெரிஞ்ச ஆளு இங்க நான் ஒருத்தன்தான் சார். அழகர்கோவில் பதினெட்டாம்படியில வந்து சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்றேன்."

எங்கள் பக்கத்து ஆட்கள் அந்தப் படியில் விளையாட்டுக்குச் சத்தியம் செய்ய மாட்டார்கள். நம்பினேன். நம்பியதால் இன்னும் பயம் கூடியது. பேச்சை மாற்றுவதற்காக அந்த ஷெட்டில் எவ்வளவு குளிர் என்று கேட்டேன். பேனா மையே உறைந்துவிடும் என்றான். மை என்றதும் அவனுக்கே எதுவோ ஞாபகம் வந்தது.

"அண்ணன் ஒரு பேனா வச்சிருந்தாரு சார். ஒரு ஆபீசர் வெளிநாட்டுல இருந்து வாங்கிட்டு வந்து குடுத்தது. வேற யாரையும் தொட விடமாட்டாரு. எழுதிட்டுப் பின்பக்கத்தால தேச்சா அழிஞ்சு போகும். சுடோகு போடுறதுக்கு அதான்."

போனை வைத்தேன். முப்பது வருடம் இயற்பியல் எடுத்த மண்டை அப்போதுதான் வேலை செய்ய ஆரம்பித்தது. தேய்த்தால் அழிகிற மை என்றால், அழிப்பது ரப்பர் இல்லை, தேய்ப்பதால் வரும் சூடு. அந்த மாதிரிப் பேனா இப்போது மதுரையிலேயே கிடைக்கிறது. மாசி வீதியில் ஒன்று வாங்கி வந்தேன். ஒரு உறையில் என் கையெழுத்தைப் போட்டு, அதன் மேல் ஆனிமேரியின் இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்தேன். வெறும் காகிதம். அதை ஃப்ரீசரில் மீன் பொட்டலத்துக்கு மேலே வைத்தேன்.

"மீனுக்குக் கடிதாசியா?" என்றாள் ஆனிமேரி.

காலையில் எடுத்துப் பார்த்தபோது கையெழுத்து திரும்பி வந்திருந்தது. நிழல் மாதிரி, வெளிறிப்போய். மறுபடி செய்து பார்த்தேன். மறுபடியும் வெளிறித்தான் வந்தது. கருத்தக்கண்ணனுடையது மட்டும் ஏன் அப்படிக் கன்னங்கரேலென்று வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அங்கே குளிர் அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

நாகஜோதியிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டு, ஒரு மதிய நேரம் முத்துமீனாவின் கடைக்குப் போனேன். பங்குனி வெயில். நீதிமன்றத்தில் சாப்பாட்டு இடைவேளை, தெருவில் ஆளே இல்லை. ஜோதியும் வங்கியிலிருந்து வந்திருந்தாள். விளக்கம் சொன்னால் முத்துமீனா காது கொடுக்க மாட்டாள் என்று தெரியும். பேனாவை நீட்டினேன்.

"உன் பேரை எழுதும்மா."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஒரு துண்டுத் தாளில் முத்துமீனா என்று எழுதினாள்.

"இதை லேமினேஷன் போடு."

"இதுக்கெதுக்குண்ணே லேமினேஷன்?" என்று கேட்டுக்கொண்டே பிளாஸ்டிக் உறைக்குள் தாளைச் செருகி மெஷினில் விட்டாள். மறுபக்கம் சூடாக வெளியே வந்தது. உள்ளே தாள் மட்டும் இருந்தது, பெயர் இல்லை. அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். மெஷினுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எங்கண்ணே போச்சு?"

அதை வாங்கிப் பக்கத்து ஜூஸ் கடைக்காரரிடம் கேட்டு ஐஸ்கிரீம் பெட்டிக்குள் வைத்தேன். அரை மணி நேரம் காத்திருந்தோம். ஜோதி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு முத்துமீனாவையே போய் எடுக்கச் சொன்னேன். பிளாஸ்டிக்கின் மேல் படர்ந்திருந்த பனியை முந்தானையால் துடைத்தாள். நாலு பக்கமும் ஒட்டி மூடிய பிளாஸ்டிக்குக்குள், யாருடைய கையும் போக முடியாத இடத்தில், அவள் பெயர் மங்கலாகத் திரும்பி வந்திருந்தது. எனக்குக் காரணம் தெரியும். தெரிந்தும் மயிர்க்கூச்செறிந்தது.

"சூட்டுல மறையும், குளிருல வரும். அவ்வளவுதாம்மா. அவர்கிட்ட இருந்ததும் இந்த மாதிரிப் பேனாதானாம்" என்றேன்.

கடையில் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கேட்க வேண்டியதை அவளே கேட்டாள்.

"அன்னைக்கு நான் இஸ்திரி போட்டேனே."

"ஆமா."

"அப்ப அவரு போட்டுட்டுத்தான் அனுப்பியிருக்காரு."

"ஆமாம்மா."

"அவரு பொய் சொல்லலை" என்றாள். அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அது அப்படியே கலைந்து போனதையும் பார்த்தேன். "போயிட்ட நாலு பேரு மாதிரியே அவரும் போட்டுட்டுத்தான் போயிருக்காரு. பாக்கி வச்சிருக்காரு, அதுக்கு வருவாருன்னு உக்காந்திருந்தேன். பாக்கியே இல்லைண்ணே. இனி எதுக்கு வரப்போறாரு."

ஜோதி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். முத்துமீனா அழவில்லை. மகளின் முதுகைத் தட்டிக்கொண்டே போனை எடுத்து அச்சகத்துக்குப் பேசினாள்.

"தம்பி, ஜெராக்ஸ் கடை முத்துமீனா பேசுறேன். அந்தக் கல்யாணப் பத்திரிகையை அடிச்சிருங்க. வைகாசித் தேதியில மாத்தமில்லை. பொண்ணோட அப்பா பேருக்கு முன்னாடி தெய்வத்திருன்னு போட்டுருங்க. ஆமா. தெய்வத்திருதான்."

போனை வைத்துவிட்டுச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்தாள். கண்ணாடியைத் தேடினாள், கிடைக்கவில்லை.

"அண்ணே, இன்னைக்கு என்ன திதின்னு பாத்துச் சொல்லுங்க."

எனக்கு அதெல்லாம் பார்த்துப் பழக்கமில்லை. தாளில் பொடி எழுத்தில் போட்டிருந்ததை விரல் வைத்துத் தேடி, தேய்பிறை சஷ்டி என்று படித்தேன்.

"பிளேன் காணாமப் போன நாளுதான் தெரியும், அவரு உசுரு என்னைக்குப் போச்சுன்னு யாருக்கும் தெரியாது. திதி குடுக்க ஒரு நாளு வேணும்ல" என்றாள். "இதையே வச்சுக்கிர்றேன்."

ஜோதியைத் தண்ணீர் வாங்கிவரச் சொல்லிவிட்டு, அவள் உட்கார்ந்த இடத்திலேயே நெற்றிப் பொட்டை விரலால் எடுத்தாள்.